லிஃப்டரில் காற்று நின்றது என்று சொன்னேன்

ஒரகடத்தில் அந்தக் கார் பட்டறையில் வேலை கேட்கப் போன அன்று, பெரிய கம்பெனி ஒன்றின் என்ஜின் சோதனைப் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன் என்று சொன்னேன். இருந்தது உண்மைதான். ஆனால் என்ஜினைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சோதனை அறையின் வாசலில் விடுவதும், சோதித்து முடித்ததை எடுத்துக்கொண்டு திரும்புவதும்தான் என் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓசையைக் கேட்டு, முள்ளைப் பார்த்து, இது தேறும் இது தேறாது என்று சொன்னவர்கள் வேறு ஆட்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியபோது எனக்கு முப்பது வயது. கோவில்பட்டிக்குத் திரும்பிப் போக மனமில்லை. ஐந்து பேர் தங்கியிருந்த வாடகை அறையில் என் பாயை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு வேலை தேடினேன்.

பட்டறை முதலாளி வாலாஜாபாத்துக்காரர். நான் சொன்னதை அப்படியே நம்பினார். "அப்ப சவுண்டு கேட்டே சொல்லிடுவியாபா?" என்று கேட்டார். சொல்லிவிடுவேன் என்றேன்.

அங்கே எனக்கு முன்பே ஒரு அக்கா என்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வடக்குப்பட்டில் வீடு. கணவர் ஒரு கம்பெனியில் காவல் வேலையில் இருந்தார். காக்கிச் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். முதல் நாளே என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். டீ வரும்போது எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து மூடி வைப்பார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. என்ஜினின் மேல்பாகத்தைத் திறக்கிற வேலை எது வந்தாலும் முதலாளி "அந்தம்மாவாண்ட காட்டு" என்பார். அதுதான் காரணம்.

அவர் முன்பு ஏழு வருடம் ஒரு சிறிய தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே கார் என்ஜினுக்கான ஹைட்ராலிக் லிஃப்டர்கள் செய்தார்கள். லிஃப்டர் என்பது கட்டைவிரல் அளவுக்கு ஒரு எஃகுக் குப்பி. வால்வுக்கும் அதைத் திறக்கிற பாகத்துக்கும் நடுவே இடைவெளி விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். உள்ளே ஆயில் நிறைந்து நிற்கும்வரை கல் மாதிரி இருக்கும். ஆயில் வராவிட்டாலோ, காற்று புகுந்தாலோ, விரலால் அமுக்கினால்கூட உள்ளே போகும். அப்போது என்ஜின் தையல் மெஷின் போல டக்டக் என்று அடிக்க ஆரம்பிக்கும். அக்காவின் வேலை, ஒவ்வொரு லிஃப்டரிலும் ஆயிலை நிரப்பி, மேலே எடையை ஏற்றி, அது எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பார்ப்பது. சீக்கிரம் இறங்கினாலும் ஆகாது, இறங்காமல் நின்றாலும் ஆகாது. ஏழு வருடம் இதையே செய்தவர். பிறகு அந்த வேலைக்குத் தானியங்கி மெஷின் வந்தது. மேசையில் இருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் அவரே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நானும் சோதனை அறையில்தான் இருந்தேன் என்று பதிலுக்குச் சொன்னேன். எந்த மாதிரி சோதனை என்று ஆசையாக விசாரித்தார். பேச்சை மாற்றிவிட்டேன்.

பட்டறைக்கு வழக்கமாக வருகிறவர்களில் ஒரு வேன்காரரும் இருந்தார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. மறைமலை நகர் கம்பெனி ஒன்றுக்குக் காலை ஷிஃப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்று வண்டியை விட்டுப் போனார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியை, சம்ப் என்போம், கழற்றி ஓரத்தில் பேஸ்ட் தடவித் திரும்ப மாட்ட வேண்டும். ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு. பழைய பேஸ்ட்டைச் சரியாகச் சுரண்டவில்லை. திரும்பவும் சொட்டக் கூடாது என்று புதிய பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கினேன். பட்டறையில் எல்லோரும் பயன்படுத்தியது சாம்பல் நிறப் பேஸ்ட். சிவப்பு நிறம் கெட்டி என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் மட்டும் ஒரு சிவப்பு டியூப் வாங்கி வைத்திருந்தேன். அதைத்தான் தடவினேன். சொட்டு நின்றது. வேன்காரர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து அதே வண்டி வந்தது. மேலே டக்டக் என்று ஓசை வருகிறது, வண்டி சூடானதும் அதிகமாகிறது என்றார். முதலாளியும் பக்கத்தில் நின்றார். நான் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சோதனை அறைக்காரர்கள் செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். டக்டக் கேட்டது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "லிஃப்டர் போயிருச்சு. பதினாறையும் மாத்தணும்" என்றேன்.

அக்கா என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி நான்கைந்து இடங்களில் வைத்துக் கேட்டார்.

"எல்லா எடத்துலயும் ஒரே மாரி கேக்குது தம்பி. பதினாறும் ஒரே நாள்ல கெட்டுப் போவாது. ஆயில் மேல வர்லன்னு தோணுது. பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்துட்டு அப்பறம் தொறக்கலாம்" என்றார்.

ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் அந்தக் கேஜை மாட்டுவது பெரிய வேலை இல்லை. அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் லைட்டுக்கான சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் திருக வேண்டும், அவ்வளவுதான். சரி அக்கா என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. வேன்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, நீங்க மேசையில உக்காந்து பாத்தது வேற. ஓடுற என்ஜின் வேற. ஆயில் லைட்டே எரியல, பிரஷர்ல என்ன கோளாறு இருக்கப்போவுது? நான் நாலு வருசம் கேட்ட காது, சொல்லுதேன்ல" என்றேன். போதாததற்கு வேன்காரரிடம் திரும்பி, ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியதால்தான் இந்தக் கதி என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். முதலாளி புது லிஃப்டர்களுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் என்ஜினின் மேல்மூடியைத் திறந்து, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி, பழைய லிஃப்டர்களை நான் எடுத்தேன். அக்கா அவற்றை எடுத்த வரிசையிலேயே ஒரு செய்தித்தாளில் அடுக்கினார். நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்தபோது, ஒரு டப்பாவில் ஆயில் ஊற்றி, ஒவ்வொரு லிஃப்டராக அதற்குள் நிறுத்தி, குச்சியால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மேலே இரும்புக் கட்டையை ஏற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் ஒரு எண்ணை எழுதுவார்.

"பதினஞ்சு நல்லாக் கீது. ஒண்ணு மட்டும் கொஞ்சம் வேகமா எறங்குது" என்று முதலாளியிடம் சொன்னார்.

"நல்லா இருந்தா அப்புறம் ஏன் சத்தம் வருது?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அதத்தான் தம்பி நானும் கேக்கறேன்."

முதலாளிக்கு அவசரம். புதுச் சாமான் வந்து பிரித்தாகிவிட்டது, வேன்காரருக்கு மறுநாள் காலை வண்டி வேண்டும். மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார். புது லிஃப்டர்களை மாட்டுவதற்கு முன் ஆயிலில் ஊறவைத்து, உள்ளே காற்றில்லாமல் நிரப்ப வேண்டும். அந்த வேலையை அக்காவே எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிச் சரிபார்த்து என்னிடம் நீட்டினார். நான் மாட்டினேன். சாயங்காலம் என்ஜினை ஓடவிட்டபோது சத்தமே இல்லை. நான் அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என்ன எதிர்பார்த்துப் பார்த்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தோற்றுப்போன முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. ஓசை முன்பைவிட அதிகம். போகிற வழியில் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டியதில் பெண்கள் ஆறு பேரும் ஷிஃப்ட்டைத் தவறவிட்டு அரை நாள் விடுப்பு எழுத வேண்டியதாகிவிட்டது என்றார் வேன்காரர். நான்கு பேர் எதிரில் அவர் கத்தியது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

"லிஃப்டர்ல காத்து நின்னிருக்கும்ணே. ஊறப்போட்டது அக்காதான்."

அக்கா அப்போது அந்த வண்டியின் அடியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஏழு வருடம் லிஃப்டர்களைப் பார்த்த அதே கண்ணால் என்னையும் பார்த்தது போல இருந்தது. "ரெண்டு மணி நேரம் ஊறிச்சி. ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துதான் குடுத்தேன். கேஜ் மாட்டச் சொன்னேன், மாட்டல" என்று முதலாளியிடம் மட்டும் சொன்னார். முதலாளி வேன்காரர் முன்னாலேயே அவரைப் பேசினார். ஃபேக்டரியிலேயே இருந்தவர் என்று நம்பித்தானே கொடுத்தேன், இதுகூடவா தெரியாது என்றார். இனிமேல் என்ஜின் வேலையை நான் பார்ப்பேன், அக்கா வாட்டர் வாஷும் ஆயில் மாற்றுவதும் மட்டும் பார்த்தால் போதும் என்றும் சொன்னார். அக்கா அன்றைய வேலையை முடித்தார். ஸ்பேனர்களைத் துடைத்து அதனதன் இடத்தில் மாட்டினார். மறுநாளிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது. அடுத்த நாள் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் தனியாக இருந்தேன். காற்றை வெளியேற்றுவதாக நினைத்து என்ஜினை வேகமாக வெகுநேரம் ஓடவிட்டேன். ஓசை அடங்கவில்லை. வேகத்தைக் குறைத்தபோது ஆயில் லைட் மினுங்கியது. வேறு வழியில்லாமல் கேஜை எடுத்து மாட்டினேன். என்ஜின் சூடாக ஆக, முள் கீழே கீழே இறங்கியது. அக்கா முதல் நாள் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சொன்னது அதுதான். புது லிஃப்டர்கள் இரண்டு நாள் ஓசையில்லாமல் ஓடியதும் அவர் நிரப்பிக் கொடுத்த ஆயில் உள்ளே நின்றவரைதான்.

சம்பைக் கழற்றினேன். ஆயிலை மேலே உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அந்தச் சல்லடை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகச் சேமியா போலச் சிக்கிக்கொண்டிருந்தது. நான் பிதுக்கிய பேஸ்ட். உள்பக்கம் வழிந்து, காய்ந்து, பிய்ந்து, ஆயில் போகும் வழியை அடைத்திருக்கிறது. வண்டிக்கடியில் படுத்தபடியே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டறையில் சிவப்புப் பேஸ்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இடுக்கியால் ஒவ்வொரு இழையாக இழுத்து எடுத்தேன். டீசலில் கழுவினேன். அவ்வளவையும் ஒரு பழந்துணியில் சுருட்டிக் குப்பை டிரம்மின் அடியில் தள்ளினேன். சிவப்பு டியூபையும் அதோடு போட்டேன். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, சாம்பல் நிறப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி மாட்டினேன். என்ஜின் பூனை போல ஓடியது. மறுநாள் முதலாளியிடம், சல்லடையில் கசடு அடைத்திருந்தது, ஆயிலைச் சரியாக மாற்றாததால் வந்தது என்று சொன்னேன். "சவுண்டு வெச்சே கண்டுபுடிச்சிட்ட" என்று தோளில் தட்டினார்.

வேன்காரர் வந்தார். அவர் ஆயில் மாற்றுவதை ஒருமுறைகூடத் தவறவிட்டவர் இல்லை. பட்டறை நோட்டிலேயே இருந்தது. ஆனாலும் பெரிய கம்பெனியில் இருந்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு கத்திட்டேன், மனசுல வெச்சிக்காதபா. என் மேலதான் தப்பு" என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

ஐந்து மாதம் போயிற்று. என்ஜின் வேலையெல்லாம் எனக்கு வந்தது. ஒருநாள் இடைவெளி பார்க்கும் தகடுகளைத் தேடி, அக்கா வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். அதே பதினாறு லிஃப்டர்கள். ஓரத்தில் பென்சிலால் வரிசையாகப் பதினாறு எண்கள். ஒன்பதாவது எண்ணைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தார். நான் டப்பாவில் ஆயிலை ஊற்றி அவர் செய்தது போலவே ஒவ்வொன்றாக நிறுத்தி, இரும்புக் கட்டையை ஏற்றி, கைபேசியில் விநாடி பார்த்தேன். முதல் இரண்டு சரியாக வரவில்லை. காற்றை முழுதாக வெளியேற்றாதது என் தவறு. திரும்பச் செய்தேன். ஒன்றிரண்டு விநாடி முன்னே பின்னே இருந்தாலும் அவர் எழுதியதுதான் வந்தது. ஒன்பதாவது மட்டும் சட்டென்று இறங்கியது. ஒரு மதியம் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்தேன். அவர் ஒரு டீ நேரத்தில் செய்தது.

அடுத்த நாள் காலை, முதலாளி ஷட்டரைத் தூக்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளுவண்டி தள்ளியதையும் சேர்த்துத்தான். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மா ரெண்டு வாட்டி சொல்லிச்சி. நானும்தான் கேக்கல" என்றார். பிறகு, வேன்காரருக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும், அவர் வண்டிக்கு ஒரு வருடம் இலவசமாக சர்வீஸ் செய்து கொடுக்க வேண்டும் என்றார். அக்காவிடம் யார் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் போக முகமில்லை.

வேன்காரர் டீக்கடையில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "நான் உன்னாண்ட மன்னிப்பு கேட்டேனேபா. அப்பவாவது சொல்லிருக்கலாம் இல்ல?" என்றார். இலவச சர்வீஸுக்கு அவர் வரவே இல்லை. இப்போது வேறு பட்டறைக்குப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போவதாக வேன்காரர் சொல்லியிருந்தார். உள்ளே வா என்று கூப்பிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். மறுவாட்டி வண்டி வந்தப்ப அடியில குனிஞ்சி பாத்தேன். சம்ப் ஓரத்துல செவப்பா பிதுங்கிக்கினு இருந்துது. அது உன் டியூபுதானே?"

"ஏன் சொல்லலக்கா?"

"சொல்றதுக்குதான் எழுந்து வந்தேன். அதுக்குள்ள நீ என் பேரச் சொல்லிட்ட. அப்பறம் நான் இன்னா சொன்னாலும் தப்பிக்கச் சொல்ற மாரிதான் இருக்கும்."

பட்டறைக்குத் திரும்பி வருமாறு முதலாளி கேட்டதாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நான்தான் சேர்த்துச் சொன்னேன். அந்த இடத்திலும் ஒரு பொய். அக்கா வரமாட்டேன் என்றார். மறைமலை நகரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள், அனுபவக் கடிதம் கேட்கிறார்கள், அதை மட்டும் முதலாளியிடம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். கட்டாயம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

முதலாளி சொல்ல, கடிதத்தை நானே தட்டச்சு மையத்தில் உட்கார்ந்து அடித்து, அவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். மறுநாள் அக்கா கேண்டீனுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பையைக் காலுக்கிடையில் வைத்துவிட்டு, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மடிக்காமல் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உதவியாளர்னு போட்டுக்கீது. நான் உதவியாளரா இல்லையே" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். என்ஜின் பிரிவு உதவியாளர் என்று இருந்தது. முதலாளி அப்படிச் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அடித்தவன் நான். அடிக்கும்போது அந்தச் சொல் தவறு என்றே எனக்குப் படவில்லை. அதற்குள் பஸ் வந்தது. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

என்ஜின் மெக்கானிக் என்று மாற்றி, லிஃப்டர் சோதனையிலும் வால்வு வேலையிலும் தேர்ந்தவர் என்று இன்னொரு வரியும் முதலாளியைக் கேட்டுச் சேர்த்து, அன்று சாயங்காலமே கொண்டுபோனேன். அக்கா வீட்டில் இல்லை. அவருடைய கணவர் வாங்கிக்கொண்டார். நான் யார் என்று கேட்டார். பட்டறையில் கூட வேலை பார்த்தவன் என்றேன். இரண்டு மாதம் கழித்து, அந்த சர்வீஸ் சென்டரில் அக்காவை என்ஜின் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள் என்று முதலாளி சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.